ஓயாத முதுகு

ஐயா,

போன வாரம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. “ஆபரேஷன் வேணாங்கிற. சரிம்மா. வேணாம்னா, அதுக்குப் பதிலா நீ என்ன தரப் போற?” என்றாய். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். நீ மெதுவாகத்தான் கேட்டாய், துணிக்கடையில் இதே சட்டை வேறு நிறத்தில் இருக்கிறதா என்று கேட்பதைப் போல. இருபது வருடத்துக்கும் மேலாக, பிசியோதெரபிஸ்டாக, முதுகு வலிக்காரர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. கையிலிருந்த தட்டைக் கழுவிக்கொண்டே, “தெரியலப்பா,” என்றேன்.  பிறகு, இப்போதெல்லாம் நீ திரும்புகிற மாதிரியே, தோளும் இடுப்பும் ஒரே பலகையாகத் திரும்ப, அறைக்குள் போய்விட்டாய்.

நாளைக் காலையில் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில், உன் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் இரண்டை ஆணி வைத்து ஒன்றாகப் பிணைக்கப் போகிறார்கள். உனக்கு இருபத்தாறு வயது. சம்மதக் கையெழுத்தை நீயே போட்டாய். தடுக்க எனக்கு உரிமை இல்லை. இருந்த வார்த்தைகளும் தீர்ந்துவிட்டன. நீயும் அப்பாவும் இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். கோபத்தில்தான் நான் வரவில்லை என்று அப்பா நினைக்கிறார், அது சரியில்லை. சாமி முன்னால் போய் நின்றால் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்றா, கடைசி நேரத்தில் நடக்காமல் போகட்டும் என்றா? அதனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை. சாப்பிட்டாயா, டாக்டரிடம் எம்.சி. லீவு எடுத்தாயா, மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடித்தாயா என்பதற்கு மேல் பேசிப் பழகாத வீடு நம்முடையது. எனக்கு எழுதினால்தான் வரும். இப்படி ஒருவர் அறைக்குள் படுத்திருக்க, இன்னொருவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் வீடுகள் கோல சிலாங்கூரில் மட்டுமே எத்தனையோ இருக்கின்றன. அவர்களில் சிலரின் முகம் எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் விடுகிறேன்.

செரண்டாவில் அந்தக் கிடங்கில் நீ வேலைக்குச் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. டிப்ளமா முடித்தவன் பெட்டி தூக்கப் போகிறானே என்று வருத்தம். நீயோ சந்தோஷமாக இருந்தாய். ரவாங்கில் நண்பர்களோடு வாடகை அறை. வார இறுதியில் துவைக்க வேண்டிய துணியோடும் கிடங்கில் நடந்த கூத்துகளோடும் மோட்டாரில் வந்து இறங்குவாய். ஒரு நாள் மதியம் டைல்ஸ் பெட்டி ஒன்றைத் தரையிலிருந்து தூக்கும்போது இடுப்பில் கத்தி இறங்கியது போல இருந்தது என்று போனில் சொன்னாய். அன்றைக்கு யாரும் பயப்படவில்லை, நான் உட்பட. முதுகுப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பேன், எத்தனை பேருக்கு அப்படியே போயிருக்கிறது. உனக்குப் போகவில்லை. மாதங்கள் போயின, அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாய், வலி கூடவே வந்தது. ஸ்கேனில் ஒரு டிஸ்க் கொஞ்சம் உலர்ந்து தெரிந்தது. அதே மாதிரி டிஸ்க்கை வைத்துக்கொண்டு வலி என்றால் என்னவென்றே தெரியாமல் பந்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை உன்னிடம் சொன்னேன். நீ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கறுப்பாகத் தெரிந்த அந்த ஒரு கட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து நீ அதை உடைந்த பீங்கானைப் போலத் தூக்கிக்கொண்டு நடக்கிறாய்.

அப்பா மேல் உனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதலில் அவர் உன்னை நம்பவில்லை என்பது. அது உண்மைதான். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் அதே லோரியில் குலை ஏற்றியவர். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தார்.

“கொல ஒன்னு இருவது கிலோ. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குத்தி லோரில எறிஞ்சவன்லா நான். ஒரு எம்.சி. எடுத்ததில்ல. தொர, டைல்ஸ் பெட்டிக்குப் படுத்துட்டாரு.”

“அது டைல்ஸ்ப்பா. பஞ்சு இல்ல.”

“அப்ப என்னோடது பஞ்சா?”

நீ சிரித்துவிட்டாய். சிரித்த சிரிப்பே இடுப்பில் பாய்ந்து, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி அப்படியே நின்றாய். அப்பாவின் முகம் அப்போது மாறியதை நீ பார்த்திருக்க முடியாது. மறுநாள் காலையில் அதே மனிதர் உன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து உன் சப்பாத்துக்கு வார் கட்டிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு வாரம் தவிர, அவர்தான் கட்டுகிறார். கீழே விழுந்த சாவியை எடுப்பது அவர், உன் மோட்டாரைத் தள்ளி வெளியே நிறுத்துவது அவர். எங்கள் வேலையில் இதைச் செய்யக்கூடாது என்று குடும்பத்தாருக்குப் படித்துப் படித்துச் சொல்வோம். அந்த மனிதரிடம் நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பு அதுதான்.

பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாச் சாப்பாடு உனக்கு நினைவிருக்கும். தரையில் பந்தி போடும் இடத்தில் யாரோ ஒருவர், “ஏ, பிசியோம்மா மவனுக்கு முதுகு முடியாது, நாற்காலி கொண்டாங்கலா!” என்று கத்தினார். முதல் வருடம் உனக்கு வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாய். அடுத்த வருடம் நாற்காலியில் உட்கார்ந்தாய். அதற்கடுத்த வருடம் நாற்காலி வரும்வரை தூணோரம் நின்றாய். அந்த வருடம் போய் நாற்காலியை எடுத்து வந்தது நான்தான். தரையில் உட்காருங்கள், வலித்தாலும் ஒன்றும் உடைந்துவிடாது என்று வேலையிடத்தில் நாள் முழுவதும் சொல்கிறவள். ஆனால் என் பிள்ளை ஊர் பார்க்க முகத்தைச் சுளித்துக்கொண்டு தரைக்கு இறங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். இந்த ஊரில் உன்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதைத்தான் நான் இப்போது பயத்தோடு நினைத்துப் பார்க்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக் குலை அறுத்தே கழுத்தும் இடுப்பும் போனவர்கள். மருந்துத் தோம்பை, கனத்த பீப்பாயை, முதுகில் சுமந்து செடிக்கு அடித்த பெண்கள். நர்சைக் கூப்பிடுகிற மாதிரியே என்னையும் ‘மிஸ்ஸி’ என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மண்டோர் வருவார், தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர். “மிஸ்ஸி, நீங்க சொல்ற எக்ஸசைஸ்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் செய்யமாட்டேன். ஒரு ஊசி போடுங்க, போறேன்,” என்பார். நான் ஊசி போடுவதில்லை என்றால், “அப்பறம் எதுக்கு மிஸ்ஸியா இருக்கீங்க?” என்று கேட்பார். வீட்டில் வந்து சொன்னேன், மூவரும் சிரித்தோம். நீ கேட்ட கேள்வியும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

என்னோடு படித்த சாந்தி இப்போது பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். தசைகள் எப்போது விழிக்கின்றன, எப்போது ஓய்கின்றன என்று அளக்கும் கருவி அவளிடம் இருக்கிறது. உன்னை அங்கே அழைத்துப் போனது நான்தான். காசளவு ஒட்டுகளை முதுகிலும் வயிற்றிலும் ஒட்டுவதற்கு முன்னால் முடியை மழிக்க வேண்டும் என்றாள். “பத்துமலைல தலைக்கு மொட்ட. ஆன்ட்டிகிட்ட வந்தா முதுகுக்கு மொட்ட. வேண்டுதல்னு நெனச்சுக்கடா,” என்றாள். நீ வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குச் சிரித்தாய். உனக்குப் பயம் தெளியட்டும் என்று முதலில் தன் முதுகிலேயே ஒட்டிக் காட்டினாள். “எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி, சிக்னல் சரியா வராது. யார்கிட்டயும் சொல்லிடாத.”

அவள் நின்றாள், திரையில் கோடு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. குனிய ஆரம்பித்ததும் கோடு தடித்தது. முழுவதும் குனிந்து, கைகள் தரையை நோக்கித் தொங்கியபோது, கோடு திடீரென்று அடங்கி நேராகிவிட்டது. முதுகுத் தசை தூங்கிவிட்டது. எடையை எலும்பையும் நாரையும் நம்பி விட்டுவிட்டு, அது தன் வேலையை நிறுத்திக்கொண்டது. நிமிரும்போது மறுபடி விழித்தது. வலி இல்லாத யாருடைய முதுகும் இப்படித்தான். பானையைத் தரையில் வைத்தவன் கையை எடுத்துவிடுவது போல. பிறகு உன் முறை. நீ முழங்கால் வரைதான் குனிந்தாய். கோடு தடித்தது, தடித்தபடியே இருந்தது. “இன்னும் கொஞ்சம்டா,” என்றாள். போனாய். கோடு அடங்கவில்லை. வயிற்றுக் கோடும் கூடவே எழுந்தது. முன்னும் பின்னும் இரண்டு ஆட்கள் ஒரே கதவை எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருப்பதைப் போல. சும்மா நிற்கும்போதும் உன் கோடு சும்மா நிற்கவில்லை. சாந்தி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் உன்னிடம் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு நான் ஒரு விடை கிடைத்ததாக நினைத்தேன். காரில் வரும்போது உனக்குப் பாடமே நடத்தினேன். எலும்பு உடையவில்லை, காவல்தான் ஓயவில்லை. காயம் போன பிறகும் காவல்காரன் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறான். அவனை அனுப்பக் கற்றுக்கொண்டால் போதும் என்று. “சரி, எப்படி அனுப்புறது?” என்று கேட்டாய். அங்கேதான் நான் நேர்மையாக இருக்க ஆரம்பித்தேன். இந்தத் துறையில் ஒருவர், வயிற்றின் உள்தசை தாமதமாக விழிப்பதால்தான் வலி என்கிறார். இன்னொருவர், முதுகுத் தசை பலவீனம் என்கிறார். மற்றொருவர், தசை அதிகமாக வேலை செய்கிறது என்கிறார். மூன்று விதமான ஆட்களையும் நானே என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வலியால் தசை இறுகியதா, இறுகியதால் வலிக்கிறதா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோடு அடங்காமலே வலி குறைந்தவர்கள் இருக்கிறார்கள். கோடு அடங்கியும் வலி போகாதவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஈஜோக் சாலையில், மழையில், உன்னிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? நோயாளிகளிடம் நான் இப்படிப் பேசுவதில்லை. அவர்களிடம், “செய்யுங்க அங்கிள், சரியாயிடும்,” என்று சொல்வேன். சொல்வதில் பாதி எனக்கே நிச்சயமில்லாதபோதும் சொல்வேன். அவர்களில் சிலருக்குச் சரியாகவும் ஆகிறது. என் பிள்ளைக்கு உண்மையைத்தான் கொடுப்பேன் என்று ஒரு பிடிவாதம். உனக்கு ஒவ்வொரு பயிற்சியையும் கற்றுக்கொடுக்கும் முன்னால், இது பலிக்காமலும் போகலாம் என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தேன்.

அப்பா உன்னை அழைத்துப் போன அந்த உருட்டுக்காரரை நினைத்துப் பார். எண்ணெய் தேய்த்து முதுகை உருட்டிவிட்டு, “நரம்பு மாறிக் கெடந்துச்சு தம்பி, எடத்துல வச்சுட்டேன். இனி உனக்கு ஒன்னும் இல்ல, ஓடலாம்,” என்று சொல்லி அனுப்பினார். நீ வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். அந்த வாரம் முழுவதும் நீயே சப்பாத்து வாரைக் கட்டினாய். நான் என்ன செய்தேன்? நரம்பு அப்படியெல்லாம் இடம் மாறாது என்று படம் போட்டு விளக்கினேன். நீ தலையாட்டினாய். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த வாரம் அப்பா மறுபடி உன் முன்னால் முட்டி போட்டார்.

பிறகு மாலதி வீடு. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை, நான் எழுதிவிடுகிறேன். கிடங்கு அலுவலகத்தில் உன்னோடு வேலை பார்த்த பெண். நீ வேலையை விட்டு வீட்டோடு ஆன பிறகும் உன்னை விடாதவள். பழத்தட்டு எடுத்துக்கொண்டு உலு யாமில் அவர்கள் வீட்டுக்குப் பேசப் போனோம். போவதற்கு முந்தின நாட்களில் உன் அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே கட்டில் சட்டம் கிரீச்சிடும். நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பழகுகிறாய் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் காலில் விழ வேண்டும் அல்லவா. நான் உள்ளே வந்து உதவியிருக்கலாம். நீ கூப்பிடாமல் வருவது சரியில்லை என்று சமையல் செய்துகொண்டிருந்தேன்.

பேச்செல்லாம் முடிந்து, “பையன் ஆசீர்வாதம் வாங்கிக்கட்டும்,” என்றார்கள். மாலதியின் பெரியப்பா எழுந்து நின்றார். நீ அவர் முன்னால் போனாய். கைகளை முழங்கால் வரை கொண்டு போனாய், மூச்சை அடக்கினாய், அங்கேயே நின்றாய். நெற்றியில் வேர்வை. ஒரு கூடம் நிறைய ஆட்கள் உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தியின் திரையில் அந்த நேரம் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். நீ நிமிர்ந்து கையைக் கூப்பினாய். பெரியப்பா நல்ல மனிதர், நிலைமையைச் சுலபமாக்கப் பார்த்தார். “பரவால்ல, பரவால்ல! மாப்ளைக்கு இப்பவே வளையலனா, நாளைக்கு எங்க பொண்ணு போடற போடுல எப்படி வளைவாரு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாலதி சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ, “தம்பிக்கு நாற்காலி போடுமா,” என்றார்கள்.

அவர்கள் மறுக்கவில்லை. உனக்கு அது நினைவிருக்க வேண்டும். தேதி பார்க்கவே சொன்னார்கள். நீதான் அவளிடம், குணமான பிறகு பேசலாம் என்றாய். அவள் எனக்குப் போன் செய்தாள். “ஆன்ட்டி, அவரு குனியலனு எனக்கு ஒன்னும் இல்ல. சத்தியமா இல்ல. நான் என்ன கேட்டாலும் ‘சரியாகட்டும், சரியாகட்டும்’ங்கறாரு. சரியாகலனா? நான் அதக் கேட்டா போன வச்சுடறாரு.”  பிறகு அவள் ஜொகூரில் வேலை கிடைத்துப் போனாள். அந்த மாதத்தில்தான் நீ அந்த முதுகெலும்பு ஆபரேஷன் நிபுணரைத் தேடிப் போனாய்.

அவரைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் சொல்லமாட்டேன். அவசரப்படுத்தவில்லை, ஆசை காட்டவில்லை. இரண்டு எலும்பையும் பிணைத்துவிட்டால் அந்த இடத்தில் அசைவு இருக்காது, வலி குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார். நீ முதல் பாதியை வாங்கிக்கொண்டாய், நான் இரண்டாவது பாதியை வாங்கிக்கொண்டேன். கத்தி தேவைப்படுகிற முதுகுகள் இருக்கின்றன. கால் மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்படாமல் வருகிறவர்களை நானே ஓடிப்போய் ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கிறேன். உன்னுடையது அப்படியில்லை என்பது என் கணிப்பு. என் கணிப்பு தவறாக இருக்கலாம். தவறாக இருக்கட்டும் என்றுதான் இப்போது ஆசைப்படுகிறேன். படித்த படிப்பெல்லாம் பொய்யாகி, நாளை மறுநாள் நீ எழுந்து, “பாத்தியா?” என்று என்னைக் கேலி செய்ய வேண்டும்.

ஆனால் எனக்குத் தோன்றுவதையும் எழுதாமல் விட முடியவில்லை. ஒரு கணு அசையாமல் போனால் உன் காவல்காரன் வீட்டுக்குப் போவானா, அல்லது பக்கத்துக் கணுவில் போய் நிற்பானா? அறுத்த தசையின் மேல் புதிதாக ஒரு பயம் சேருமா? அங்கே இரும்பு இருக்கிறது என்ற நினைப்போடு நீ எப்படிக் குனிவாய்? இதையெல்லாம் உன்னிடம் கேட்டேன். “எனக்குக் களைச்சுப் போச்சும்மா,” என்றாய். அதற்கு மேல் என்ன பேசுவது? எனக்கும் களைத்துவிட்டது. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகத்துக்கு முன்னால் உன் இடுப்பைப் பார்க்கிறேன். நீ நாற்காலியிலிருந்து எழுந்தால் எந்தக் கை முதலில் ஊன்றுகிறது என்று பார்க்கிறேன். ஒரு தாய்க்கு இது பார்வையா? உனக்கும் தெரிந்திருக்கும். என் முன்னால் நடக்கும்போது நீ இன்னும் விறைப்பாக நடக்கிறாய்.

அறிவுரை என்று சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதையும் நீ நம்ப வேண்டும் என்றில்லை. வலி முழுவதும் போன ஒரு நாள் வரும், அன்றைக்கு எல்லாவற்றையும் ஆரம்பிக்கலாம் என்று இருக்காதே. ஆபரேஷனுக்குப் பிறகும் இருக்காதே. அப்படி ஒரு நாள் பலருக்கு வருவதில்லை. வராமலே அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். உன் அப்பாவுக்கு முதுகு வலிக்கிறது. உனக்குத் தெரியுமா? லோரியிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். உன்னைவிடத் தைரியசாலி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை தெரியாது, அவ்வளவுதான். உனக்கு வார்த்தை தெரியும், எல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டவை. எந்த வாழ்க்கை நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அவரை வார் கட்ட விடாதே. வருத்தப்படுவார், படட்டும். மாலதிக்கு ஒரு முறை போன் செய். குணமாகிவிட்டேன் என்று சொல்வதற்காக இல்லை, சும்மா பேசு. குனியும்போது மூச்சை அடக்காதே. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவே நீ கேட்டதற்குப் பதிலாக இருந்திருக்கலாம், ஆனால் இது மிகவும் சிறியது, நீ கேட்டதோ பெரியது. கார் சத்தம் கேட்கிறது. நீங்கள் வந்துவிட்டீர்கள்.

மறுநாள் நடந்ததையும் எழுதி வைக்கிறேன். விடியும் முன்னால் கிளம்பினோம். ஜெரம் பக்கம் செம்பனைக்கு இடையில் பனி இறங்கியிருந்தது, அப்பா மெதுவாக ஓட்டினார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் உன்னைக் கண்ணாடியில் பார்த்தார். மருத்துவமனையில் உன் மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றைக் கழற்ற வேண்டும் என்றார் நர்ஸ். அப்பா வாதாடிப் பார்த்தார். “சாமி கோச்சுக்காதுப்பா, கழட்டு,” என்றாய். அவர் பல்லால் முடிச்சை அவிழ்த்தார். இந்தக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சொன்னதைவிட அதிக நேரம் ஆயிற்று. நிபுணர் வெளியே வந்து, எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஆணிகள் சரியான இடத்தில் இருக்கின்றன என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மாலையில் உன்னைக் கட்டில் விளிம்பில் உட்கார வைக்க அந்த மருத்துவமனைப் பிசியோ வந்தாள். சின்னப் பெண், தமிழ்ப் பெண். “ஆன்ட்டி, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? அம்மா இருந்தா பயப்படுவாங்க,” என்றாள். நானும் பலரிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வராந்தாவில் சுவரோரம் நின்றேன். கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை. கட்டிலை உயர்த்தும் சத்தம் கேட்டது, நீ பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. உன் கவனத்தைத் திருப்ப அவள் பேச்சுக் கொடுத்தாள்.

“எந்த ஊருண்ணே?”

“கோல சிலாங்கூர்.”

“அம்மா என்ன பண்றாங்க?”

“பிசியோதான். உன்னாட்டம்.”

“அய்யோ! சொல்லவே இல்ல! அவங்களயா வெளிய அனுப்பிட்டேன்? அப்பறம் ஏன்ணே நீங்க ஆபரேஷன் வரைக்கும் வந்தீங்க? அவங்க ஒன்னும் சொல்லலியா?”

நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

“அவங்க சொன்னதெல்லாம் சரிதான்,” என்றாய். “என்னாலதான் முடியல.”

அவள் உன்னை மறுபடி படுக்க வைத்துவிட்டுப் போனாள். நான் வராந்தாவிலேயே நின்றேன். சாப்பாட்டுத் தட்டு வந்த பிறகுதான் உள்ளே போனேன்.